பெட்டிச் சாவியும் சிஸ்டரின் நெற்றியும்

என் டிரங்குப் பெட்டிப் பூட்டின் சாவிக்கு நுனியில் ஒரு துளை உண்டு. பூட்டுக்குள் இருக்கும் சின்னக் கம்பி அந்தத் துளைக்குள் போய் உட்கார்ந்தால்தான் சாவி திரும்பும். மூக்கின் மேல் இருக்கும் கரும்புள்ளி அந்தத் துளைக்கு நடுவில் வருகிற மாதிரி வைத்து, நேராக ஒரு அழுத்து அழுத்தினால், உள்ளே இறுகிக் கிடப்பது அப்படியே மேலே எழும்பி வந்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கணக்குப் பாடம் மண்டையில் ஏறாத ஒரு மத்தியானத்தில், என் மூக்கோடு நானே விளையாடிக் கண்டுபிடித்தேன். படிப்பில் கிடைக்காத பேர் எனக்கு இந்தச் சாவியில் கிடைத்தது.

அறுபதுகளின் கடைசி அது. தருமபுரியில் சிஸ்டர்கள் நடத்திய ஒரு ஹாஸ்டலில் இருந்து எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். வீடு இண்டூர். பக்கம்தான், ஆனால் பஸ்ஸை நம்பிப் பெண்பிள்ளையைத் தினமும் அனுப்ப முடியாது என்று அப்பா கொண்டுவந்து விட்டுவிட்டார். நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம். அங்கே பாதிப் பேர் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். சாப்பாட்டுக்கு முன் அவர்கள் சொல்லும் ஜெபம் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது, பசியில் அது சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக.

எங்களுக்கெல்லாம் அந்தக் கரும்புள்ளி 'முள்ளு'. மூக்கில் முள்ளு, தாடையில் முள்ளு. பிதுக்கினால் வெளியே வருவதைப் பார்த்துவிட்டு அது புழு, கறுப்பாகத் தெரிவது அதன் தலை என்று நம்பியவர்களும் இருந்தார்கள். தன் மூக்கு முழுக்கப் புழு என்று ஒருத்தி ராத்திரிச் சோறு வேண்டாமென்று அழுதிருக்கிறாள். அது புழுவும் இல்லை, அழுக்கும் இல்லை, தோலுக்குள் ஊறுகிற எண்ணெய் வெளியே வர வழியில்லாமல் இறுகி, காற்றுப் பட்டுக் கறுத்துப்போவது என்று நானே பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் தெரிந்த மாதிரி பேசுவதற்கு நான் அப்போதும் தயங்கியதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் என் பாயைச் சுற்றிக் கூட்டம் சேரும். எனக்கென்று சில கட்டளைகள் இருந்தன. சமையல்கட்டில் கஞ்சி வடிக்கும்போது போய் அந்த ஆவியில் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். காட்டாதவளைத் தொடமாட்டேன். சாவியைச் சுடுதண்ணீரில் போட்டு எடுப்பேன். நகம் வைத்துக் கிள்ளிக்கொண்டு வருகிறவளுக்குத் திட்டு விழும். எடுத்தபின் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவி, பச்சைப்பயறு மாவு போட்டு, தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். அதன் மேல் பவுடரை அப்பிக்கொண்டு என் கண்ணெதிரில் நடக்கக் கூடாது. ஒரு டாக்டரம்மா தோரணை எனக்கு அப்போதே வந்துவிட்டிருந்தது.

எங்கள் ஹாஸ்டலைப் பார்த்துக்கொண்ட சிஸ்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. காரிமங்கலத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தையலும் சொல்லிக்கொடுப்பார். கோபம் வந்தால் மட்டும் ஊர்ப் பேச்சு வந்துவிடும், அதற்காகவே அவரைக் கோபப்படுத்துவோம். அதுவரைக்கும் சிஸ்டர்கள் எல்லாரும் முக்காட்டுக்குக் கீழே, புருவத்தை ஒட்டி, கஞ்சி போட்ட வெள்ளைப் பட்டை ஒன்றை நெற்றியில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். அந்த வருஷம் அவர்கள் சபையில் ஏதோ சட்டம் மாறியது. பட்டை போய்விட்டது, முக்காடு கொஞ்சம் பின்னால் போனது, எங்கள் சிஸ்டருக்கும் நெற்றி என்று ஒன்று இருப்பதை நாங்கள் முதல்முறையாகப் பார்த்தோம்.

பார்த்திருக்க வேண்டாம். முகம் மாநிறம், நெற்றி மட்டும் வெயிலே படாமல் வெளுத்துக் கிடந்தது. அந்த வெளுப்பில், பட்டையின் ஓரம் அழுத்திய இடமெல்லாம், பொட்டுப் பொட்டாகக் கரும்புள்ளிகள். எத்தனையோ வருஷத்து வேர்வையும் எண்ணெயும் அந்தத் துணிக்கு அடியில் அடைந்து கிடந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் ஹாஸ்டலில் அவருக்கு 'எள்ளுருண்டை' என்று பேர் விழுந்துவிட்டது. பேர் வைத்தது நான் இல்லை, வைத்தவள் நல்ல கற்பனைக்காரி.

அடுத்த சனிக்கிழமை சிஸ்டர் என்னைத் தையல் ரூமுக்குக் கூப்பிட்டார்.

“அந்தச் சாவிய எடுத்துட்டு வா.”

“எந்தச் சாவிங்க சிஸ்டர்?”

“நடிக்காத. முள்ளு எடுக்கற சாவி.”

பறிமுதல்தான் என்று நினைத்தேன். சாவி போனால் பெட்டியை எப்படித் திறப்பது, உள்ளே இருக்கும் கடலை உருண்டை என்ன ஆவது என்ற கவலையோடு போய் நின்றேன். சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். முக்காட்டை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளினார்.

“எடு” என்றார்.

“என்னங்க சிஸ்டர்?”

“நெத்தி. எள்ளுருண்டைன்னு பேரு வெச்சிருக்கீங்களே, அந்த நெத்தி.”

எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது. அவர் கோபமாக இல்லை. கையால் நெற்றியைத் தடவிக்கொண்டு, “தடவுனா மணலாட்டம் இருக்குது. எப்படி இருக்குதுன்னுதான் தெரியல” என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சிஸ்டர்கள் தங்கியிருந்த பக்கம் கண்ணாடியே கிடையாது. முக்காட்டைக்கூடத் தடவிப் பார்த்துத்தான் ஊசி குத்திக்கொள்வார்கள். ஊரே பார்த்துச் சிரித்த நெற்றியை அவர் மட்டும் பார்க்கவில்லை.

என் பாவாடை முடிச்சில் சின்ன வட்டக் கண்ணாடி இருந்தது. அது ஹாஸ்டலில் வைத்திருக்கக் கூடாத சாமான். நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தன் கண்ணை, பல்லை, காதோரத்தை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் நெற்றிக்கு வந்தார்.

“இந்த மூஞ்சியோட எங்கம்மா முன்னாடி எப்படிப் போய் நிப்பேன்?” என்றார்.

மடத்துக்குள் வந்துவிட்டால் சிஸ்டர்கள் பிறந்த வீட்டுக்குப் போவதே அதுவரைக்கும் கிடையாது. அந்தச் சட்டமும் மாறியிருந்தது. அடுத்த மாதம் ஒரு நாள் வீட்டுக்குப் போய்வரலாம் என்று அவருக்கு உத்தரவாகியிருந்தது. அவர் ஒரே பெண். மாமன் மகனுக்கு என்று பேசி வைத்திருந்த பெண். அதை விட்டுவிட்டு மடத்துக்கு வந்ததை அப்பா எப்படியோ பொறுத்துக்கொண்டார், அம்மா பொறுக்கவில்லை. மகள் சிஸ்டராகி உடுப்புப் போட்டுக்கொண்ட பூசைக்கு அம்மா வரவில்லை. வீட்டு ஆட்கள் மடத்துக்கு வந்து பார்க்கிற நாளில் அப்பா மட்டும் வேர்க்கடலை மூட்டையோடு வருவார்.

“கெளம்பறப்ப எங்கம்மா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். அங்க போயிட்டா நீ ஊருக்கெல்லாம் சிஸ்டரு, எனக்கு மக இல்லன்னு சொன்னாங்க. அப்புறம் பேசவே இல்ல.”

சிஸ்டர் அழவில்லை. கண்ணாடியை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“எங்கம்மா மொதல்ல பாக்கறது மூஞ்சியத்தான். பாத்துப்புட்டு, மடத்துல உன்னை இப்படியா வெச்சிருக்காங்கன்னு கேட்டா, நான் என்ன சொல்லுவேன்? நான் அங்க நல்லாத்தான் இருக்கறேன். அத அவங்க நம்போணும்.”

அந்த வயதில் எனக்கு இரக்கம் அவ்வளவு சுலபமாக வராது. ஆனால் அன்றைக்கு வந்தது. அதை மறைக்க உடனே அதிகாரம் பண்ண ஆரம்பித்தேன்.

“இன்னிக்கு எடுக்க முடியாதுங்க. மொதல்ல ஊறோணும். முகத்துக்கு என்ன போடறீங்க?”

அவர் காட்டிய சோப்பைப் பார்த்து எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. துணி துவைக்கிற சவுக்காரக் கட்டி. அதைப் போட்டுக் கழுவிவிட்டு, தோல் இழுக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தடவியிருக்கிறார், அதற்கு மேல் பட்டையைக் கட்டியிருக்கிறார். “நெத்தியில இனிமே எண்ணெய் ஒரு சொட்டுகூடப் படக் கூடாதுங்க. முக்காட்டு ஓரத்த தெனமும் அலசிப் போடுங்க” என்றேன். ஒரு சிஸ்டர் என்னிடம் சரி சரி என்று தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

ஊரிலிருந்து பயறு மாவு வரவழைத்தேன். சனிக்கிழமை தோறும் தையல் ரூமில், சுடுதண்ணீரில் நனைத்த துண்டை நெற்றியில் போட்டு ஊறவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தலையைச் சாய்த்துப் பிடித்து எடுக்க ஆரம்பித்தேன். சிஸ்டர்களை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை, தொடலாமா என்றே தெரியாது. முதல் நாள் கைக்குட்டையை நடுவில் வைத்துத்தான் தாடையைப் பிடித்தேன். “கைய வெச்சே புடி, நான் ஒண்ணும் உடைஞ்சிரமாட்டேன்” என்றார்.

ஒவ்வொரு அழுத்துக்கும் ‘ஸ்ஸ்’ என்று மூச்சை இழுத்துவிட்டு ஏதோ முணுமுணுப்பார். என்னவென்று கேட்டேன். செத்தவர்கள் பாவம் தீரக் காத்துக்கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஆத்துமாக்கள் இருக்கிறார்களாம், வலியை அவர்களுக்காக ஒப்புக்கொடுத்தால் அவர்கள் மோட்சத்துக்குப் போவார்களாம். “ஒரு முள்ளுக்கு ஒரு ஆத்துமா” என்றார். “அப்படீன்னா இன்னிக்கு ஒரு பஸ்ஸே கெளம்பிருக்கும்ங்க சிஸ்டர்” என்றேன். சிரித்த சிரிப்பில் சாவி நழுவிப் புருவத்தில் இடித்தது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிட எனக்குக் கை துறுதுறுக்கும். எடுத்தால் நெற்றி சிவந்து வீங்கிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்தேன். நெற்றி முடிந்து, தாடை முடிந்து, மூக்குக்கு வந்தேன். இடது மூக்கோரத்தில், கன்னம் தொடங்குகிற மடிப்பில், ஆழமாக ஒன்று இருந்தது. அத்தனையிலும் பெரியது. என் மாதிரி ஆளுக்கு அதைப் பார்த்தால் வாயில் எச்சில் ஊறும். சாவியை வைக்கப் போனேன், சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அத விட்டுரு.”

“அதாங்க இருக்கறதுலயே பெருசு. வலிக்காம எடுக்கறேன்.”

“வேண்டாம். அது எங்கம்மாவோடது.”

பன்னிரண்டு பதிமூன்று வயதிலிருந்து அந்த ஒன்று அந்த இடத்தில்தான் வரும், எடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மா அவரை மடியில் சாய்த்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரல் நகத்தாலும் அதைப் பிதுக்கி எடுப்பாராம். கத்தினால் தொடையில் ஒரு அடி விழுமாம். வேறு யாரையும் அதில் கைவைக்க விடமாட்டாராம். “பாத்தா எடுக்காம இருக்க மாட்டாங்க” என்றார், ரகசியம் மாதிரி.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. முகம் முழுக்கத் துடைத்து வைத்துவிட்டு நட்ட நடுவில் ஒன்றை விடுவதா? என் தொழிலுக்கே அவமானம். ஆனால் அவர் கண்ணைப் பார்த்தபின் சாவியைப் பாவாடையில் துடைத்து முடிந்துகொண்டேன்.

வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. சிஸ்டர்கள் தனியாக வெளியே போகக் கூடாது. கூட வரவேண்டிய சிஸ்டருக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால், பெரிய பிள்ளை என்று என்னை அனுப்பினார்கள். காரிமங்கலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, தூசி படாமல் இருக்கச் சிஸ்டர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டே வந்தார். இறங்கி, கடலைக்காட்டு ஓரமாக நடந்து, ஊர் வருவதற்கு முன் ஒரு பம்புசெட்டில் முகம் கழுவினார். “எப்படி இருக்குது?” என்று கேட்டார். “நல்லா இருக்குதுங்க” என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. நெற்றி மழமழவென்று, எந்த ஊர்க் கண்ணாடியும் குறை சொல்ல முடியாதபடி இருந்தது.

அம்மா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தாலும் விறைப்பான ஆள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் ஒரு அழுகையை, கட்டிப்பிடிப்பை எதிர்பார்த்தேன்.

“வாங்க சிஸ்டரு. உள்ள வாங்க” என்றார்.

வாத்தியார் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியை இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். அதில் சிஸ்டரை உட்காரவைத்தார்கள். சிஸ்டரின் அப்பாவுக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை, கோழி பிடிக்கப் போய்விட்டார். அம்மா என்னிடம் பேசினார், என்னிடம் மட்டும். எந்த ஊர், என்ன படிப்பு, எத்தனை ஏக்கர் நிலம் என்று எல்லாம் கேட்டார். பிறகு தன் மகளைக் கண்ணால் காட்டி, “உங்க சிஸ்டருக்குக் காப்பி ஆகுமா, டீத்தண்ணியா கண்ணு?” என்றார். பெற்ற பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று என்னிடம் கேட்கிறார். எனக்கு அந்தம்மா மேல் கோபம் கோபமாக வந்தது.

சாப்பாடு ஆயிற்று. நல்ல கோழிக் குழம்பு. மகளுக்கு இரண்டு தரம் கறி வைத்தார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நாங்கள் ஒரு மாதம் பாடுபட்ட நெற்றி அங்கே பார்ப்பாரில்லாமல் கிடந்தது. சிஸ்டர் நாற்காலியை மெதுவாக வெளிச்சத்துப் பக்கம் நகர்த்தினார். இடது கன்னம் அம்மா பக்கம் வருகிற மாதிரி திரும்பி உட்கார்ந்தார். அம்மா புளியை எடுத்துக்கொண்டு வந்து கதவோரம் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் கொட்டையைத் தட்டினார். கடைசிப் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சிஸ்டர் முகத்தில் எதுவோ கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டு வந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்குப் பொறுமை கிடையாது. அன்றைக்கும் இருக்கவில்லை. முடிச்சிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

“ஏங்க, சிஸ்டர் மூக்கோரத்துல பெரிய முள்ளு ஒண்ணு இருக்குதுங்க. பாக்கவே சகிக்கல. இப்பவே எடுத்துடறேன், வெளிச்சம் நல்லா இருக்குது” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே சிஸ்டரின் தாடையைப் பிடித்தேன்.

புளி தட்டுகிற சத்தம் நின்றது.

“என்னாது அது கையில?”

“சாவிங்க. இதுலதான் எடுப்பேன்.”

“சாவியா? மூஞ்சியில சாவிய வெப்பாங்களா? தள்ளு அங்குட்டு!” அம்மா எழுந்து வந்துவிட்டார். என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, மகள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பார்த்தார். “அந்த எடத்துல யாரும் கைய வெச்சதில்ல” என்று எனக்குச் சொன்னார். பிறகு மகளைப் பார்த்து, “கீழ எறங்குடி. நாற்காலியில ஒக்காந்தா எப்படி எடுக்கறது?” என்றார்.

சிஸ்டர் இறங்கினார். வெள்ளை உடுப்போடு மண் தரையில் உட்கார்ந்து, அம்மா மடியில் தலையைச் சாய்த்தார். முக்காடு சரிந்து, ஒட்ட வெட்டிய முடி தெரிந்தது. அதைப் பார்த்ததும் அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. அந்த முடியை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். பிறகு முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினார். புளிக் கை, நிச்சயம் எரிந்திருக்கும். சிஸ்டர் கத்தினார், தொடையில் ஒரு அடி விழுந்தது. பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நான் கோழி இறகு கிடந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நானும் அழுதேன்.

“பாரு, எவ்ளோ பெருசு” என்று நகத்தில் எடுத்து மகளுக்குக் காட்டினார் அம்மா. “அத்தன பொம்பளைங்க இருக்கீங்களாம். ஒருத்திகூடவா இத்தன நாளா உன் மூஞ்சிய பாக்கல?”

ஒரு மாதம் அந்த முகத்தோடு மல்லுக்கட்டிய நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். சிஸ்டர் மடியில் படுத்தபடியே என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நின்றேன்.

கிளம்பும்போது அம்மா பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தார். மகளின் முகத்தை மறுபடியும் ஒருமுறை தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“இது மறுபடி வரும். வந்துட்டா சொல்லியனுப்பு. உன்ன விடலீன்னா நானே அங்க வர்றேன்” என்றார். பிறகு என்னிடம், “சாவியெல்லாம் வெக்காத கண்ணு” என்றார்.

ஹாஸ்டலுக்குத் திரும்பியபின் சிஸ்டர் என் கட்டளை எதையும் விடவில்லை. பயறு மாவு, பச்சைத் தண்ணீர், முக்காட்டு ஓரத்தைத் தினமும் அலசுவது எல்லாம் அப்படியே நடந்தது, நெற்றியில் மறுபடி ஒன்றும் வரவில்லை. ஒருநாள் காலையில் தையல் ரூமுக்கு நூல் கேட்கப் போனேன். சிஸ்டர் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். தேங்காய் எண்ணெய்ச் சீசாவில் சுண்டுவிரல் நுனியைத் தொட்டு, இடது மூக்கோரத்து மடிப்பில் மட்டும், வேறெங்கும் படாமல், கவனமாகத் தடவிக்கொண்டிருந்தார்.